முன்கதவு விருந்தாளிக்கு

எங்கள் பெல்டன் பல்கலைக்கழகத்தில் வெள்ளையரல்லாத மாணவர்களுக்குக் கைகொடுப்பதற்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. முப்பத்தோரு வருடத்தில் அதற்கு ஆறு பெயர் வைத்தார்கள். முதலில் சிறுபான்மை மாணவர் அலுவலகம். பிறகு பல்பண்பாட்டு மையம். அதற்கப்புறம் பன்முகத்தன்மை அலுவலகம். அடுத்து வந்தவர் அதோடு சமத்துவத்தைச் சேர்த்தார், அவருக்கு அடுத்தவர் சும்மா இருந்தால் நன்றாயிராது என்று அரவணைப்பையும் சேர்த்தார். கடைசியில் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு 'நமது இடம்' என்று வைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரை அச்சடித்துப் பழைய பெயரின் மேலேயே ஒட்டியதால் பலகை மட்டும் தடித்துக்கொண்டே போனது. மாணவர்களோ அந்த ஆறில் ஒன்றையும் வாயால் சொன்னதில்லை. "மிஸ் வெர்டெல்கிட்ட போறேன்" என்பார்கள், அவ்வளவுதான்.

மிஸ் வெர்டெல் பிக்கன்ஸ் அந்த அலுவலகத்தின் வரவேற்பு எழுத்தர். அவருக்கு மேலே பதினொரு இயக்குநர்கள் வந்து போனார்கள். வந்தவர்கள் எல்லோரும் ஐந்தாண்டுத் திட்டம் எழுதுவார்கள், இரண்டாம் ஆண்டில் வேறு ஊரில் பெரிய வேலை கிடைத்துப் போய்விடுவார்கள். வெர்டெல் அவர்களுக்கு விடைகொடுக்கும் கேக்கைத் தானே சுட்டு வந்து, அதே கத்தியைக் கழுவி அடுத்தவர் வரும் நாளுக்காக எடுத்து வைப்பார்.

அலுவலகம் இருந்தது வளாகத்தின் ஓரத்தில் ஒரு பழைய மரவீட்டில். கூரை ஒழுகியது, வேறு எந்தத் துறையும் வேண்டாம் என்றது, ஆகவே எங்களுக்குக் கொடுத்தார்கள். முன்பக்கம் இரண்டு தூண், பித்தளைப் பிடி வைத்த பெரிய கதவு. பின்பக்கம் சமையலறை. அந்தச் சமையலறைக் கதவை ஒரு செங்கல் எப்போதும் திறந்தே வைத்திருக்கும். உள்ளே ஒரு மின்சாரப் பானையில் சிவப்பு பீன்ஸ் காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கும். வளாகக் கட்டடங்களில் சமைக்கக் கூடாது என்பது விதி. அதனால் பொருள் பட்டியலில் அந்தப் பானையின் பெயர் 'பிரின்டர், பழையது'.

நான் முதன்முதலில் அங்கே போனது 1994 நவம்பரில், பதினெட்டு வயதில். அலபாமாவிலிருந்து வந்தவளுக்கு ஒஹாயோவின் குளிர் எப்படியிருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. மெல்லிய சட்டையோடு முன்கதவில் நின்று மணியடித்தேன். உள்ளேயிருந்து ஒரு குரல்:

"யாரது, போலீஸா? இன்ஷூரன்ஸா?"

"ரெண்டும் இல்லைங்க. ஸ்டூடண்ட்."

"அப்ப எதுக்கு அங்க நின்னு மணி அடிச்சுக்கிட்டிருக்கே? சுத்திக்கிட்டு பின்னாடி வா, கண்ணு. முன்கதவு விருந்தாளிக்கு. நீ என்ன விருந்தாளியா?"

சுற்றிக்கொண்டு போனேன். பெயர் கேட்பதற்கு முன்னால் ஒரு தட்டைக் கையில் கொடுத்தார். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு பழுப்புக் கோட்டை எடுத்துத் தோளில் போட்டார். அது முந்தின வருடம் படித்து முடித்துப் போன ஒருத்தியுடையது. நான் படிப்பை முடித்தபோது அதைத் திரும்ப அந்த அலமாரியில் மாட்டிவிட்டுப் போனேன். அந்தச் சமையலறை இல்லையென்றால் முதல் டிசம்பரிலேயே பஸ் ஏறியிருப்பேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல எனக்கு வாய் வராது.

இந்தக் கதவு வழக்கம் வெர்டெலின் அம்மாவிடமிருந்து வந்தது. அந்தம்மா மிசிசிப்பியில் வெள்ளைக்காரர் வீடுகளில் முப்பது வருடம் சமைத்தவர். அத்தனை வருடமும் பின்கதவு வழியாகத்தான் உள்ளே போனார், முன்கதவைத் துடைப்பதற்கு மட்டும் தொட்டார். வடக்கே வந்து சொந்த வீடு என்று ஒன்று அமைந்ததும் அவரே ஒரு சட்டம் போட்டார். முன்கதவு போலீஸுக்கும் இன்ஷூரன்ஸ்காரருக்கும் பாதிரியாருக்கும். அவர்களை முன்னறையில் உட்காரவைத்து, நல்ல தட்டில் கேக் கொடுத்து, மரியாதையாக அனுப்பிவிட வேண்டும். நம் ஆட்கள் சமையலறை வழியாக வருவார்கள், தட்டாமலே வருவார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் வீட்டில் இன்றைக்கும் இதுதான் நடைமுறை.

நான் படித்து முடித்து அங்கேயே புள்ளிவிவரப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். மதியச் சாப்பாடு வெர்டெலிடம்தான். அப்படி ஒரு மதியம் கியாரா வந்தாள். கிளீவ்லாந்துப் பெண், முதல் வருடம், நர்ஸிங். தோளில் பெட்டி படுக்கையெல்லாம் கட்டிய பை.

"சாப்டியா?" என்றார் வெர்டெல்.

"இல்ல மிஸ் வெர்டெல். பசியில்ல. சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஊருக்குப் போறேன்."

"போறவ வெறும் வயித்தோட போகக்கூடாது. உக்காரு."

சாப்பிடச் சாப்பிடத்தான் விஷயம் வந்தது. கெமிஸ்ட்ரியில் தோற்றிருந்தாள். அடுத்த பருவத்துக்குப் பதிவு செய்யப் போனால் தடுப்பூசிச் சான்று இல்லை என்று கணினி தடுத்துவிட்டது. மூன்று தடவை கொடுத்துவிட்டாளாம். யாரிடம் போவது என்று பல்கலைக்கழக இணையதளத்தில் 'ஆதரவு வழிகாட்டி'யைத் திறந்திருக்கிறாள். "இந்த வளாகத்தில் உங்கள் வீட்டில் இருப்பதுபோல் உணர்கிறீர்களா, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் குறிக்கவும்" என்று கேட்டிருக்கிறது. ஒன்று என்று குறித்தாள். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்ததாம்.

வெர்டெல் தொலைபேசியை எடுத்து மாணவர் மருத்துவ அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

"லூசில், நான் வெர்டெல். கால்வலி எப்படியிருக்கு? ம்... ம்... எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொன்னேன்ல? சரி, கியாரா மேயோட தடுப்பூசித் தாள் உன் மேஜைலதான் கிடக்கு. காபி கப்புக்கு அடியில பாரு... கிடைச்சுதா? மேல வட்டமா கறை இருக்குமே. அதேதான். இப்பவே ஏத்திடு, நான் வச்சுடறேன்." பிறகு மேஜையின் மறுமுனையைப் பார்த்து, "டேய் டேரியஸ், மூணு வருஷமா இங்க ஓசியில திங்கறியே, இவளுக்கு கெமிஸ்ட்ரி சொல்லிக்குடு. செவ்வாய், வியாழன். வரலேன்னா தட்டு இல்ல உனக்கு" என்றார்.

"ஏன் மிஸ் வெர்டெல் மிரட்டறீங்க? சொன்னா செய்ய மாட்டனா?"

"மிரட்டாம செஞ்சதா உனக்குச் சரித்திரமே இல்லையேடா."

கியாரா சிரித்தாள். பையை இறக்கினாள். ஐந்தாண்டுத் திட்டங்கள் பதினொன்றும் சேர்ந்து சாதிக்காததை ஒரு கிண்ணம் பீன்ஸும் ஒரு போனும் சாதித்தன. ஆனால் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? என்னிடம் இருந்த படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது, கதை கெட்டது அங்கேதான். அந்த வருடம் எல்லாக் கட்டடங்களின் முன்கதவிலும் அடையாள அட்டை தேய்க்கும் இயந்திரம் வைத்தார்கள். யார், எத்தனை பேர் வந்தார்கள் என்று அது எண்ணும். வருடக் கடைசியில் கணக்கு என் மேஜைக்கு வந்தது. 'நமது இடம்' என்பதற்கு எதிரே: நாற்பத்தொன்று. ஒரு வருடத்தில் நாற்பத்தோரு பேர்! பிரித்துப் பார்த்தேன். பத்தொன்பது தடவை டீன் விட்லாக் அம்மையார், தம் விருந்தினர்களுக்கு இடத்தைக் காட்டுவதற்காக. பதினைந்து தடவை புகைப்படக்காரர். மீதி ஏழு தடவை, அந்த இயந்திரத்தைப் பழுதுபார்க்க வந்தவர்.

நான் அறிக்கையில் நாற்பத்தொன்று என்றே எழுதினேன். அடிக்குறிப்பாக ஒரு வரி போடலாம் என்று நினைத்தேன். எங்கள் பிரிவில் துணை இயக்குநர் பதவி காலியாக இருந்தது, என் பெயரும் அடிபட்டது. அந்த நேரத்தில் பல்கலைக்கழகத்தின் புது இயந்திரத்தைக் குறை சொல்வானேன் என்று விட்டுவிட்டேன். சாதாரணக் கோழைத்தனம்தான், அதற்கு வேறு பெயர் கிடையாது.

அறிக்கையைப் பார்த்துக் கமிட்டி போட்டார்கள். ஆளில்லாத வீட்டை எதற்கு வைத்திருப்பது, மூடிவிடலாமா என்று ஆராய்வதற்கு. கமிட்டியில் 'சம்பந்தப்பட்டவர்கள்' எல்லோரும் இருந்தார்கள். வெர்டெலை யாரும் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டார்கள். நான் எண் வைத்திருக்கிறேன், அத்தோடு கறுப்பாகவும் இருக்கிறேன். ஒரே நாற்காலியில் இரண்டு வேலை முடிந்தது.

அன்று மதியம் சமையலறையில் வெர்டெலிடம் சொன்னேன். அவர் மக்காச்சோள ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நாப்பத்தொண்ணா? நேத்து மத்தியானம் மட்டும் நான் நாப்பது தட்டு கழுவினேனே!"

"எல்லாரும் பின்கதவுல வர்றாங்க, மிஸ் வெர்டெல். மெஷின் முன்னாடி இருக்கு."

"அதைத்தான் அவங்ககிட்ட சொல்லு. உனக்குத் தெரியாததா? நாலு வருஷம் இந்தக் கதவுலதானே வந்தே. உனக்கு இங்க என்ன கிடைச்சுதோ அதைச் சொல்லு, போதும். இந்த வயசுல எனக்கு வேற என்ன வேணும்? இந்தப் பசங்க வந்து உக்கார ஒரு இடம் இருந்தா சரி."

"சொல்றேன்."

"பயமா இருக்கா?"

"இல்ல."

"பொய் சொல்லாதே, மூக்கு விடைக்குது. இந்தா, இன்னொரு துண்டு தின்னுட்டுப் போ."

கமிட்டி ஒரு புதன்கிழமை கூடியது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், சிகாகோவிலிருந்து வரவழைக்கப்பட்ட பிரெஸ்காட் என்கிற ஆலோசகர். உள்ளத்தைத் தொடும்படி பேசுவது அவர் தொழில். அவர் பேச்சில் 'நிறமுள்ள மாணவர்கள்' என்று அடிக்கடி வந்தது. வெள்ளை மட்டும் நிறத்தில் சேர்த்தியில்லை போலிருக்கிறது. டீன் விட்லாக் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். யாராவது வருத்தமாக ஒன்று சொன்னால் அந்தம்மாவுக்கு உடனே கண் நிறைந்துவிடும், அப்புறம் நாம்தான் அவரைத் தேற்ற வேண்டும்.

என் முறை வந்தது. எழுந்து சொன்னேன்: "இந்த நாற்பத்தொன்று சரியான எண் இல்லை. மாணவர்கள் தினமும் வருகிறார்கள். அவர்கள் முன்கதவில் வருவதில்லை. பின்கதவு வழியாக வருகிறார்கள்."

பிரெஸ்காட் பேனாவைக் கீழே வைத்தார்.

"பின்கதவு வழியாவா?" என்றார் டீன். "நம்ம ஸ்டூடண்ட்ஸா? இந்தக் காலத்துலயா?"

"ஆமா, ஆனா அது..."

"அடக் கடவுளே! முப்பது வருஷமாவா?" கண் நிறைந்துவிட்டது. "அவங்க பாட்டன் பூட்டன் எல்லாம் பட்ட அவமானம். அது நம்ம வளாகத்துலயே, நம்ம மூக்குக்குக் கீழேயே!"

பிரெஸ்காட் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இது ஒரு ஆழமான காயம். இந்தக் காயத்தை நாம ஒப்புக்கணும்" என்றார். மேஜையைச் சுற்றி எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் ஒப்புக்கொண்டே தண்ணீர் குடித்தார்.

டீன் என் பக்கம் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரோஷெல், நீங்களும் இங்கதானே படிச்சீங்க? நீங்களும் அந்தக் கதவுலதான் போக வேண்டியிருந்துதா?"

"ஆமா."

"எப்படி இருந்துச்சு உங்களுக்கு?"

இதோ, இங்கேதான். எப்படி இருந்தது? சூடாக இருந்தது. பசி தீர்ந்தது. யாரோ ஒருத்தியின் கோட்டு என் தோளில் இருந்தது. சொல்வதற்கு நாலு வார்த்தை போதும். ஆனால் பதினாலு ஜோடி கண்கள் ஈரமாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கு என்னிடமிருந்து என்ன வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதைக் கொடுத்துவிட்டால் இந்த அறையில் நான் யாராவேன் என்பதும் தெரிந்துவிட்டது.

"கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்ததே குரங்கைத்தான்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பல்கலைக்கழகத்தில் ஒரு மின்விளக்கு மாற்ற ஆறு மாதம் ஆகும், ஒரு கதவை அடைக்க ஒன்பதே நாள். 'வாசல் மன்னிப்பு நாள்' என்று அறிவித்தார்கள். வயலின் வாசித்தார்கள். டீன் அந்தச் சமையலறைக் கதவின் முன்னால் நின்று, கதவைப் பார்த்தே மன்னிப்புக் கேட்டார். பிறகு இரண்டு தச்சர்கள் வந்து குறுக்கே பலகை அடித்தார்கள். பக்கத்தில் ஒரு செப்புத் தகடு: 'இனி ஒருவரும் இந்த வழியே வரமாட்டார்கள்.' என் படம் பல்கலைக்கழகப் பத்திரிகையின் அட்டையில் வந்தது. உள்ளே என் வாசகத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள், 'கஷ்டமாகத்தான் இருந்தது.'

வெர்டெலுக்கு ஒரு கடிதம் போனது. மிகவும் அன்பான கடிதம். மாணவர்களைப் பின்வாசல் வழியாக அனுப்பியது அவருடைய தனிப்பட்ட தவறு இல்லை என்றும், அவருக்குள்ளேயே ஊறிப்போன அடிமைத்தனம் அது என்றும், அதிலிருந்து விடுபட ஆறு வாரப் பயிற்சி ஏற்பாடு செய்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். பயிற்சியாளர் இருபத்தாறு வயது வெள்ளைக்காரப் பையன். வெர்டெல் முதல் வகுப்பு முழுக்கக் கேட்டார். முடிந்ததும், "ரொம்ப நல்லா பேசினே தம்பி. உங்க அம்மாவுக்கு வாரா வாரம் போன் பண்றியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்து, ஓய்வுக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

கதவடைப்பு விழாவன்று கூட்டத்தின் ஓரத்தில் அவர் நின்றிருந்ததைப் பார்த்தேன். எல்லோரும் வயலின் கேட்டுக்கொண்டிருந்தபோது குனிந்து அந்தச் செங்கல்லை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார். கனத்தில் பை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என்னிடம் வந்து ஒரு வார்த்தை கேட்பார் என்று நின்றேன். பத்திரிகை அவர் கையில் சுருட்டியபடி இருந்தது. என்னைத் தாண்டிப் போய்விட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை, எனக்கு அது தேவைப்பட்டது.

பழைய வீட்டை இடித்தார்கள். புது மையத்தைக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் திறந்தார்கள். நாலு பக்கமும் முன்கதவு, பின்கதவே கிடையாது. படுத்து யோசிக்கச் சாய்வு நாற்காலிகள், மன உளைச்சலுக்குப் பிசையக் களிமண், இருபது வகைத் துண்டுப்பிரசுரம். முதல் மாதமே ஆயிரத்து இருநூற்று முப்பது பேர் அட்டை தேய்த்தார்கள். கார் நிறுத்துமிடத்துக்கு அதன் வழியாகப் போனால் குறுக்குவழி. 'பயன்பாடு முப்பது மடங்கு உயர்வு' என்று அறிக்கை எழுதினேன், துணை இயக்குநர் என்று கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் விட்டு எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில், வெர்டெலின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று சொல்லிக்கொண்டேன். டீனைப் போல எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது. தெருவில் திரும்பும்போதே பீன்ஸ் வாசனை வந்தது. கேட்டைத் திறந்து, யோசிக்காமல், கால் போன போக்கில் பின்பக்கம் போனேன். சமையலறைப் படியில் பத்துப் பதினைந்து ஜோடிப் பனிக்காலணிகள். கதவைத் திறந்து வைத்திருந்தது அந்தச் செங்கல். உள்ளே கியாரா நர்ஸ் உடுப்போடு நின்று யாருக்கோ தட்டு நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "மிஸ் வெர்டெல்" என்று கூப்பிட்டாள்.

வெர்டெல் கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தார். முகத்தில் கோபம் இல்லை. சிரித்த முகம்தான்.

"அடடே, மேடம் வந்திருக்கீங்களா!" என்றார். "வாங்க, வாங்க. இந்தப் பக்கம் ஏன் வந்தீங்க, ஒரே சேறு. உங்களுக்குக் கஷ்டமா இருக்குமே. முன்பக்கம் வாங்க, கதவைத் திறக்கறேன்."

"மிஸ் வெர்டெல், நான்..."

"வாங்கம்மா. குளிர்ல நிக்காதீங்க."

சுற்றிக்கொண்டு போனேன். முன்கதவைத் திறந்தார், என் கோட்டை வாங்கி மாட்டினார். முன்னறையில் பிளாஸ்டிக் உறை போட்ட சோபாவில் என்னை உட்காரவைத்தார். பொன்விளிம்பு வைத்த தட்டில் பீச் பழக் கேக், ஓரத்தில் மடித்த துணி. எதிரே உட்கார்ந்து என் வேலையைப் பற்றி விசாரித்தார், பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொன்னார், இந்த வருடம் குளிர் அதிகம் என்றார். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் "இன்னும் கொஞ்சம் கேக் எடுத்துக்கோங்க" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அரை மணி நேரம் கழித்து எழுந்தேன். வாசல் வரை வந்து கோட்டைக் கொடுத்தார். "வந்ததுக்கு ரொம்ப சந்தோஷங்க" என்றார். படியிறங்கும்போது பின்னால் அந்தப் பெரிய கதவு மெதுவாக, மரியாதையாகச் சாத்திக்கொண்டது.